புகை நின்ற பிறகு

விறகு அடுப்பு கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும், சுவரையும் பாத்திரத்தையும் கரியாக்கும். நெடுங்காலம் அந்தப் புகையைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும். ஆனால் ஈர விறகு புகைந்த அடுப்பங்கரையில் ஒரு குடும்பமே அன்றிரவு மாண்டது என்று கேள்விப்படுவது அபூர்வம். புகையே இல்லாத கரித்தணலை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தியோ குளிர்காலந்தோறும் நாளிதழில் வருகிறது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இரண்டு பேர், அறைக்குள் இருந்த பார்பிக்யூ அடுப்பின் கரியால் அப்படித்தான் இறந்தார்கள்.

புகைதான் கெடுதல் என்றால், புகையில்லாத நெருப்பு ஏன் கொல்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடக் கடலூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

நெருப்போடு பழகிய ஊர்

பண்ருட்டியை ஒட்டி, கெடிலக் கரையில் இருக்கிறது திருவதிகை. சிவன் முப்புரத்தை எரித்த தலம் என்று சைவ மரபு சொல்லும் வீரட்டானம் இது. திலகவதியாரின் தம்பி மருள்நீக்கியார் சூலை நோய் தீர்ந்து திருநாவுக்கரசர் ஆனதும் இங்கேதான். பின்னாளில் பல்லவ மன்னன் அவரை நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், ஏழு நாள் பூட்டி வைத்தும் அவர் உயிரோடு வெளிவந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. பக்தருக்கு அது அருளின் கதை. வேதியியல் படித்தவர் அதே கதையைக் கேட்கும்போது சூட்டோடு சேர்த்து அந்த அறையின் காற்றையும் நினைப்பார். கல் சுடும் காளவாயில் கரியமில வாயு நிறைந்திருக்கும். எரிகிற கரியிலிருந்து இன்னொரு வாயுவும் வரும். இந்த அத்தியாயம் அந்த இன்னொரு வாயுவைப் பற்றியது.

நெய்வேலி தந்த கரி

திருவதிகையிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் நெய்வேலி. 1930-களில் அங்கே ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது தண்ணீரோடு பழுப்பும் கறுப்புமாக ஒரு பொருள் வெளிவந்தது. அதுதான் லிக்னைட், பழுப்பு நிலக்கரி. 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. 1962-இல் அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது.

பழுப்பு நிலக்கரியை அப்படியே வீட்டு அடுப்பில் போட முடியாது. வெட்டியெடுத்த கரியின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். பற்றவைத்தால் புகையும் தார் நாற்றமும் சூழும். ஆகவே நெய்வேலியில் ஓர் ஆலை அமைத்தார்கள். அங்கே கரியை உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி, காற்றுப் படாத சூளையில் சுட்டார்கள். தார், எண்ணெய், எரியும் ஆவிகள் எல்லாம் சூளையிலேயே பிரிந்துபோக, கெட்டியான கரித்துண்டு மிஞ்சியது. ‘லெகோ’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. குமுட்டி அடுப்பில் போட்டால் புகையாமல், நின்று நிதானமாக எரியும். கேஸ் அடுப்பு பரவலாகாத காலத்தில், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு அது பெரிய உதவி.

லெகோ ஏன் புகையவில்லை என்பதில்தான் நம் கேள்விக்கான முதல் துப்பு இருக்கிறது. அடுப்புப் புகை என்பது விறகிலோ கரியிலோ இருக்கும் தாரும் எண்ணெய்ச் சத்தும் முழுதாக எரியாமல் மேலே மிதப்பது. அவற்றை முன்கூட்டியே சூளையில் விரட்டிவிட்டால் கரித்துண்டில் எஞ்சுவது பெரும்பாலும் கார்பனும் சாம்பலும். விறகுக்கரியும் கொட்டாங்கச்சிக் கரியும் இதே மாதிரிதான். கண்ணைக் கரிக்கும் பொருள்கள் போய்விட்டன. கண்ணைக் கரிக்காத ஆபத்து அப்படியே இருக்கிறது.

தணலின் மேல் ஆடும் நீலச் சுடர்

குமுட்டி அடுப்பு நன்றாகக் கனியும் நேரத்தில் இருட்டில் உற்றுப் பார்த்தால் சிவந்த கங்குகளுக்கு மேலே மெல்லிய நீலச் சுடர்கள் தாவித் தாவி ஆடுவது தெரியும். பாட்டிமார்கள் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். கரி எரியும்போது என்ன நடக்கிறது என்பதை அந்தச் சுடரை வைத்தே சொல்லிவிடலாம்.

அடுப்பின் வாய் வழியாகக் காற்று அடியில் நுழைகிறது. அங்கே ஒரு கார்பன் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. கரியமில வாயு உண்டாகிறது. இந்த வாயு மேலே ஏறும் வழியெல்லாம் பழுக்கக் காய்ந்த கரி. அந்தச் சூட்டில் கரியமில வாயு ஓர் ஆக்சிஜன் அணுவைப் பக்கத்துக் கார்பனுக்குக் கொடுத்துவிடுகிறது. விளைவு, ஒரு கார்பனுக்கு ஓர் ஆக்சிஜன் என்று பாதி எரிந்த வாயு. கார்பன் மோனாக்சைடு என்பது அதன் பெயர். இனி இங்கே அதைப் ‘பாதிவாயு’ என்றே அழைக்கலாம். பாதி எரிந்ததால் அது இன்னும் எரியக்கூடியது. கங்குகளின் மேற்பரப்பை எட்டியதும், அங்கே புதுக் காற்றும் போதுமான சூடும் இருந்தால், தீப்பிடித்து மீதி ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்கிறது. அந்த எரிதல்தான் நீலச் சுடர்.

பாதிவாயு தானாகத் தீப்பிடிக்க ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சமையல் முடிந்து, கங்குகளின் மேல் சாம்பல் படர்ந்து, மேற்பரப்பு மங்கிவிட்டால் அந்தச் சூடு கிடைக்காது. உள்ளே கரி இன்னும் சிவந்திருக்கும், பாதிவாயு உண்டாகிக்கொண்டே இருக்கும், ஆனால் மேலே வந்ததும் எரியாமல் அறைக்குள் கலந்துவிடும். நிறமில்லை, மணமில்லை, எரிச்சலில்லை.

இனி மனிதர்கள் அடுப்பை எப்போது உள்ளே தூக்கி வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சுவாலை அடங்கட்டும், புகை நிற்கட்டும் என்று வெளியே காத்திருந்து, கங்கு மங்கியதும் ‘இனிப் பயமில்லை’ என்று அறையின் மூலையில் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அவர்கள் காத்திருந்து தேர்ந்தெடுக்கும் அந்த நேரமே பாதிவாயு எரியாமல் தப்பி வரும் நேரம்.

பத்துக்குப் பத்து அறையில் ஒரு கிலோ கரி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருவதிகையில் ஒரு கான்கிரீட் வீடு. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரத்தில் ஒரு படுக்கையறை. கொசுவுக்குப் பயந்து ஜன்னல்கள் அடைத்திருக்கின்றன. உள்ளே இருக்கும் காற்று சுமார் 28,000 லிட்டர். அதில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், 5,900 லிட்டர்.

அந்த அறையில் ஒரு கிலோ கரி முழுதும் எரிகிறது. அதில் 800 கிராம் கார்பன் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்பது பங்கு முழுதாக எரிந்து கரியமில வாயுவாகிறது. ஒரு பங்கு மட்டும் பாதிவாயுவாகிறது. மங்கிய தணலுக்கு இது மிகையான ஊகமில்லை.

முதலில் ஆக்சிஜன் கணக்கு. இவ்வளவு கரியும் எரிய சுமார் 1,550 லிட்டர் ஆக்சிஜன் செலவாகும். மிச்சம் 4,350 லிட்டர். அறைக் காற்றில் 21 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் பதினைந்தரைக்கு இறங்கியிருக்கும். பயமுறுத்தும் எண்ணாகத் தோன்றலாம். ஆனால் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் ஏறக்குறைய இவ்வளவுதான். அங்கே மக்கள் குழந்தைகளோடு மக்காச்சோளம் தின்றபடி நடக்கிறார்கள். அறையில் சேர்ந்த கரியமில வாயு மூச்சு வாங்க வைக்கும், தலையை வலிக்கச் செய்யும். ‘ஆக்சிஜன் தீர்ந்துபோய் மூச்சுத் திணறி இறந்தார்கள்’ என்று செய்திகளில் வரும் வழக்கமான விளக்கம் மட்டும் இந்தக் கணக்கில் நிற்கவில்லை.

அடுத்தது பாதிவாயுக் கணக்கு. 80 கிராம் கார்பன் பாதிவாயுவானால் அது 160 லிட்டர் இடத்தை அடைக்கும். 28,000 லிட்டரில் 160 என்பது அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். பத்து லட்சம் பங்கில் 5,700 பங்கு. இந்த வாயுவை அளக்கும் வழக்கமே பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பதுதான், ஏனென்றால் மிகச் சிறிய அளவே போதும். 200 பங்கு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி. 800 பங்கில் முக்கால் மணிக்குள் தலைசுற்றலும் குமட்டலும், இரண்டு மணிக்குள் நினைவிழப்பும். 1,600 பங்கில் இருபது நிமிடத்தில் தலைவலி தொடங்கி, இரண்டு மணிக்குள் உயிர் போகலாம். 6,400-ஐ நெருங்கினால் அரை மணி கூடத் தாங்காது.

கரி ஒரே நொடியில் எரிந்துவிடாது, கதவிடுக்கில் கொஞ்சம் காற்று வந்து போகும் என்று ஒருவர் சொல்லலாம். சரியான வாதம். உண்டான வாயுவில் பாதி வெளியேறிவிட்டதாகவே கொள்வோம். அப்போதும் 2,800 பங்கு மிஞ்சுகிறது. அதே ஊகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், முழுதும் அடைத்த இந்த அறையை 1,600 பங்குக்குக் கொண்டுபோகக் கால் கிலோவுக்குச் சற்று அதிகமான கரியே போதும்.

இறங்காத பயணி

இவ்வளவு சொற்பமான வாயு எப்படிக் கொல்கிறது? இரத்தச் சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு மூளைக்கும் இதயத்துக்கும் தசைக்கும் கொண்டுபோய் இறக்குவது அதன் வேலை. பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடையே ஓடும் பேருந்துபோல் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் நான்கு இருக்கைகள். ஆக்சிஜன் ஏறும், ஊர் வந்ததும் இறங்கும். பாதிவாயு ஏறி உட்கார்ந்தால் லேசில் இறங்காது. ஆக்சிஜனைவிட அது 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு கொடுமை, அது ஓர் இருக்கையைப் பிடித்துவிட்டால் மற்ற இருக்கைகளில் உள்ள ஆக்சிஜனும் இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறங்காது.

பாதிவாயு இரத்தத்தை எப்படி முடக்குகிறது என்பதை 1857-இல் பிரெஞ்சு உடலியலாளர் குளோத் பெர்னார் விளக்கினார். 1896-இல் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தபோது, உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் அங்கே இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தார். வெடிப்பில் சிக்கி இறந்தவர்களைவிட, வெடிப்புக்குப் பிறகு பரவிய பாதிவாயுவால் இறந்தவர்களே அதிகம் என்று கண்டார். சுரங்கத்துக்குள் கூண்டில் கேனரிக் குருவியைக் கொண்டுபோகும் யோசனை அவருடையது. சின்ன உடல், வேகமான மூச்சு. மனிதருக்கு முன்பே குருவி தள்ளாடும். 1986 வரை பிரிட்டிஷ் சுரங்கங்களில் அந்தக் குருவிகள் வேலை செய்தன.

படுக்கையறையில் குருவி இல்லை. உடல் தரும் எச்சரிக்கையோ லேசான தலைவலி, சோர்வு, தூக்கம் மட்டும். கரியமில வாயு அதிகமானால் மூச்சு முட்டும், ஆள் விழித்துக்கொள்ள வாய்ப்புண்டு. பாதிவாயுவுக்கு உடலில் அப்படி ஒரு மணியோசை கிடையாது. ஏற்கெனவே தூங்குகிறவருக்குத் தூக்கம் ஆழமாகிறது, அவ்வளவுதான்.

குளிர் ஊர்களின் அனுபவம்

லெகோவைப் போன்ற கரிக்கட்டியைத் தென்கொரியாவும் நம்பியிருந்தது. துளைகள் போட்ட அந்த உருளைக் கரியின் பெயர் யோந்தான். வீட்டுத் தரைக்கடியில் சூடு பரவும்படி அதை எரித்தார்கள். தரையில் விரிசல் விட்டால் பாதிவாயு படுக்கைக்கே வந்துவிடும். 1960, 70-களில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் இப்படி இறந்தார்கள். தமிழ்நாட்டில் குமுட்டி அடுப்பு பெரும்பாலும் முற்றத்திலும் தாழ்வாரத்திலும் எரிந்தது. அடுக்களையில் எரிந்தாலும் நாட்டு ஓட்டின் இடுக்கு வழியே காற்று போய்வந்தது. நம்மைக் காத்தது கரியின் நல்ல குணம் என்று யாரும் எண்ண வேண்டாம். கூரையும் வெயிலும் காத்தன. இன்று கூரை மாறிவிட்டது, ஏசி அறைகளில் ஜன்னலும் மூடிவிட்டது. அதே தணல் இன்று முன்னைவிட ஆபத்தானது.

ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்களில் சுவரோடு கட்டிய கணப்பு, அதாவது குளிர்காயும் அடுப்பு, இருக்கிறது. அதற்குப் புகைபோக்கி உண்டு என்பதால் தணலைவிட மேல். ஆனால் புகைபோக்கி அடைபட்டால் கதை மாறிவிடும். நாவலாசிரியர் எமிலி ஸோலா 1902 செப்டம்பரில் பாரிஸில் இறந்தது அப்படித்தான். படுக்கையறைக் கணப்பின் வாயு வெளியேற வழியில்லாமல் அறைக்குள் தங்கியது. மனைவி பிழைத்தார், அவர் பிழைக்கவில்லை. ஆண்டில் சில வாரம் மட்டும் எரியும் கணப்பில் பறவைக் கூடும் சருகும் சேர்வது இயல்பு. பருவத்தின் முதல் தீயை மூட்டுமுன் புகைபோக்கியைத் துப்புரவு செய்துவிட வேண்டும்.

மணம் ஏற்றிய வாயு, மணம் ஏற்ற முடியாத வாயு

சமையல் எரிவாயுவில் இரண்டு தனித்தனி ஆபத்துகள் உண்டு. மக்கள் ஒன்றை மட்டுமே அறிவார்கள்.

அறிந்தது கசிவு. எரிவாயுவுக்கு இயல்பில் சொல்லும்படியான மணம் கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில், மணமில்லாத இயற்கை வாயு கசிந்து வெடித்து ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். அதன் பிறகே வாயுவில் நாற்றம் கலப்பது கட்டாயமாகப் பரவியது. நம் சிலிண்டரில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம் துளியளவு கலந்திருக்கிறது. அழுகிய முட்டைக்கோஸ் போன்ற அந்த நாற்றம் அதனுடையது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வர வேண்டும். விளக்கு, விசிறி சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுவிட்சின் சிறு பொறியே போதும். வெளியே நின்று 1906 என்ற எண்ணை அழைக்கலாம்.

அறியாதது, கசியாமல் சரியாக எரிகிற வாயுவின் ஆபத்து. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலை ஊரில் கேரளத்திலிருந்து சென்ற சுற்றுலாக் குழு தங்கியது. கடுங்குளிர். எட்டுப் பேர், அவர்களில் நான்கு பேர் குழந்தைகள், ஒரே அறையில் கேஸ் ஹீட்டரை வைத்துக்கொண்டு படுத்தார்கள். கதவும் ஜன்னலும் உள்ளே தாழிடப்பட்டிருந்தன. காலையில் எட்டுப் பேரும் எழவில்லை. அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய, நீலமாக எரிந்த எரிவாயுவும் முழுதாக எரியாமல் பாதிவாயுவைத் தரும். வாயுவோடு மெர்காப்டனும் எரிந்துபோகும், எச்சரிக்க நாற்றம் மிஞ்சாது. நாம் வாங்கும் வாயுவுக்கு ஆலையில் மணம் ஏற்றலாம். நம் நெருப்பு அறைக்குள்ளேயே உண்டாக்கும் வாயுவுக்கு யார் மணம் ஏற்றுவது?

குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீஸர் இதில் மிக மோசம். அது அடுப்பின் ஒரு பர்னரைப்போல ஐந்தாறு மடங்கு வேகத்தில் வாயுவை எரிக்கும். அடைத்த சிறு குளியலறையின் காற்றில் பாதியைக் கால் மணியில் தீர்த்துவிடும். கீஸரை வெளிச் சுவரில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியாக உள்ளே கொண்டுவருவதே சரி.

கீஸரோடு ஒப்பிட்டால் கேஸ் அடுப்பில் கவலை குறைவு. பர்னருக்குள் போகுமுன்பே வாயு காற்றோடு கலப்பதால் சுடர் நீலமாக, கூர்மையாக எரிகிறது. பால் பொங்கி வழிந்தாலும் உப்புத் தண்ணீர் சிதறினாலும் ஒரு கணம் மஞ்சளாகும். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம், பொருட்படுத்த வேண்டாம். சுடர் தொடர்ந்து மஞ்சளாக ஆடி, பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் துளைகள் அடைபட்டிருக்கின்றன, காற்று போதவில்லை என்று பொருள்.

ஜன்னலும் மருத்துவமனையும்

குழந்தையைக் குளிப்பாட்டியபின் சாம்பிராணி போடும் தணலுக்கும் இதே விதிதான். கதவைத் திறந்து வைத்துப் போட்டுவிட்டு, கங்கை உடனே வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கவே கூடாது. கர்ப்பிணிப் பெண்கள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் தேவை. கருவின் இரத்தம் பாதிவாயுவைத் தாயின் இரத்தத்தைவிட அதிகமாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் சாய்த்துவிட்டுப் போனபின் மாவட்டம் நெடுநாள் மின்சாரமின்றித் தவித்தது. அப்படிப்பட்ட நாள்களில் ஜெனரேட்டரை வராந்தாவிலோ மாடிப்படிக்கு அடியிலோ ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். எஞ்சின் புகையிலும் பாதிவாயு நிறைய உண்டு.

கடைகளில் விற்கும் கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி பாதிவாயுவைக் கண்டுகொள்ளாது. அதற்கெனத் தனிக் கருவி உண்டு. பாதிவாயு காற்றின் கனத்தை ஒட்டியது, அறை முழுதும் கலந்துவிடும். ஆகவே கசிவுக் கருவியைத் தரைக்கருகிலும், பாதிவாயுக் கருவியைப் படுத்திருப்பவர் மூச்சுவிடும் உயரத்திலும் மாட்டுவது பொருத்தம்.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனால் தெளிந்தால், சாப்பாட்டைச் சந்தேகிக்குமுன் அடுப்பைச் சந்தேகிக்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. இந்த விஷயத்தில் அதை நம்பக் கூடாது. பாதிவாயு ஏறிய ஹீமோகுளோபினும் சிவப்பாகவே இருப்பதால் கருவி ஏமாந்து 98, 99 என்று காட்டும். மயங்கியவரை முதலில் திறந்த வெளிக்கு இழுத்துவர வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள பாதிவாயுவில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரமாகும். மருத்துவமனையில் முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றேகால், ஒன்றரை மணியில் அது நடந்துவிடும். அழைத்துச் செல்பவர் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய தகவல் ஒன்று உண்டு: அறையில் தணலோ கேஸ் ஹீட்டரோ எரிந்துகொண்டிருந்தது என்பது. அது தெரிந்தால்தான் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்க்கும் சோதனையை அவர் எழுதுவார்.